கடற்கரையில் ஏழு நாள்

உயர்தர வகுப்பில் அகத்திணை மரபைக் கற்பிக்கும்போது எமது மாணவருக்குக் குறிஞ்சியை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. மலையும் மலை சார்ந்த இடமும் யன்னலுக்கு வெளியே நிற்கின்றன. வேங்கையும் சந்தனமும் நிற்கவேண்டிய சரிவுகளிலே தேயிலைச் செடி நிற்கிறது என்ற ஒரு திருத்தத்தைச் சொன்னாற் போதும். நெய்தலுக்கு வரும்போதுதான் ஆசிரியரின் சொல் தடுமாறுகிறது. பரதவர், உமணர், உப்பு விளைத்தல், மீன் உணக்கல், இரங்கல் என்று கரும்பலகையிற் பட்டியல் எழுதிவிடலாம். சென்ற தவணையில் அவ்வாறு எழுதிக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், கடல் ராத்திரியிலயும் சத்தம் போடுமா?"

"போடும்" என்றோம். சொன்ன பின்னரே, நாமும் ஒரு முழு இரவு கடலோரத்தில் தங்கியதில்லை என்பது நினைவுக்கு வந்தது. பல்கலைக்கழக நாட்களில் கொழும்புக்குப் போனபோது காலிமுகத்திடலில் அரைமணி நேரம் நின்றதுண்டு; அவ்வளவே. கடலைக் கண்டவர் யார் என்று வகுப்பிற் கேட்டோம். நான்கு கைகள் எழுந்தன. ஏனையோருக்குக் கடலிலிருந்து வந்து சேர்ந்த செய்தி கருவாடு ஒன்றே.

அன்று மாலை ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேசியதிலிருந்தே இக்கட்டுரைக்குக் காரணமான திட்டம் உருவாயிற்று. ஆசிரியர் ஐவர், மூன்று ஆண்களும் இரண்டு பெண்களும், ஏற்கெனவே ஒரு சீட்டுப் பிடித்து வந்தோம். அந்தப் பணத்தைக் கொண்டு முதலாந் தவணை முடிந்ததும் வரும் சித்திரை விடுமுறையில் ஏழு நாட்களை ஒரு சிறிய கடலோரக் கிராமத்தில் அமைதியாகக் கழிப்பது என்பதே திட்டம். விடைத்தாள் இல்லை, மணி இல்லை, தகரக் கூரையில் மழை விழும்போது தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. சித்திரையில் நுவரெலியாவின் நிலையை அறிந்தவர்களுக்கு எமது ஆசை எளிதில் விளங்கும். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் ஒலிபெருக்கியுமாக ஊர் நிரம்பி வழியும் மாதம் அது. சமவெளியிலுள்ளோர் மலைக்கு ஏறும் காலத்தில் நாம் சமவெளிக்கு இறங்கினால் என்ன?

திட்டம் மேசைக்கு வந்த மறுநாளே, எம்முள் மூத்தவர் ஒரு கேள்வியை எழுப்பினார். நாம் படிப்பிக்கும் பிள்ளைகளின் தாய்மார் ஒரு நாளாவது இவ்வாறு ஓய்வு கொண்டதுண்டா? அவர்கள் கொழுந்து பறிக்கும்போது நாம் கடற்காற்று வாங்கப் போவது அறமாகுமா? கேள்வி சங்கடமானது. அதைச் சிரித்துத் தள்ளிவிட எவருக்கும் மனம் வரவில்லை. ஏனெனில் நாம் அனைவரும் லயத்து அறைகளிற் பிறந்து, அந்தத் தாய்மாரின் வியர்வையிலே படித்து வந்தவர்கள்.

அத்தாய்மாரின் நாள் எப்படிப்பட்டது? விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பிள்ளைகளைப் பாடசாலைக்கும் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவுக்கும் அனுப்பிவிட்டுப் பெரட்டுக்களத்துக்கு ஓடவேண்டும். பின்பு பனியிலும் வெயிலிலும் மலையில் நிரை பிடித்துப் பறிக்கவேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் மாறினும் பதினெட்டு, இருபது கிலோ என்று விதிக்கப்பட்ட அளவு நிறையாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என வரையறுக்கப்படுவதற்கே ஆண்டுக்கணக்கான போராட்டம் வேண்டியிருந்தது. பின்னர் அத்தொகை உயர்ந்ததேனும் நாட்கூலி என்ற அடிப்படை மாறவில்லை. வருடாந்த விடுமுறை சட்டத்தில் உண்டு. ஆயினும் வேலைக்குப் பேர் கொடுத்த நாட்களின் தொகையைக் கொண்டே அது கணிக்கப்படுகிறது. நோயாலும் பேறுகாலத்தாலும் நாட்கள் குறைந்தவளுக்கு, அதாவது ஓய்வு மிகவும் வேண்டியவளுக்கு, ஓய்வும் குறைந்துவிடுகிறது.

இந்நிலையில் மூத்தவரின் கேள்விக்கு விடை என்ன? நாமும் ஓய்வைத் துறப்பதா?

சற்று நிதானமாகச் சிந்திப்போம். பசித்தவன் பக்கத்தில் அமர்ந்து நாமும் பட்டினி கிடந்தால் அவன் வயிறு நிறைவதில்லை. தியாகத்துக்கு மதிப்புண்டு, ஆயின் எவருக்கும் பயன்படாத தியாகம் தன் நெஞ்சைத் தானே தடவிக்கொள்வதன்றி வேறில்லை. மேலும், ஓய்வைக் குற்றமென்று கருதும் மனப்பான்மை எங்கிருந்து வந்தது என்றும் கேட்கவேண்டும். தொழிலாளியின் ஓய்வைச் சோம்பல் என்றும் முதலாளியின் சோம்பலை ஓய்வு என்றும் அழைக்கும் வழக்கம் தோட்டத்து அகராதியிலே நெடுங்காலமாக உள்ளது. களைத்து நிமிர்ந்த பெண்ணைப் பார்த்துக் கங்காணி சொன்னதையே நாம் எமக்கு நாமே சொல்லிக்கொள்வதா?

மேனாட்டு மொழிகள் பலவற்றில் பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் சொல், ஓய்வு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. உழைப்பிலிருந்து விடுபட்ட நேரத்திலேதான் மனிதன் சிந்திக்கவும் கற்கவும் இயலும் என்று அந்நாட்டார் கருதினர். அரிஸ்டோட்டில் ஓய்வையே வாழ்வின் உயர்ந்த நோக்கங்களுள் ஒன்றாக வைத்தார். ஆனால் அதே அரிஸ்டோட்டில் அடிமையை உயிருள்ள கருவியாகக் கண்டார் என்பதையும் மறத்தலாகாது. சிலரது சிந்தனைக்கு வேண்டிய ஓய்வைப் பலரது முதுகு சுமந்தது. அன்றுமுதல் இன்றுவரை ஓய்வு பற்றிய அறச்சிக்கல் இதுவே. ஓய்வு நல்லதா தீயதா என்பதன்று வினா. அது எவருடைய தோளில் நிற்கிறது என்பதே வினா.

தொழிலாளர் இயக்கம் இவ்வுண்மையை முன்னரே உணர்ந்திருந்தது. மார்க்ஸின் மருமகனான போல் லஃபார்க் 1880இல் வெளியிட்ட சிறு நூல் ஒன்றில், வேலை வேண்டும் என்று மட்டும் கேட்ட தொழிலாளரைப் பார்த்து, ஓய்வையும் கேளுங்கள் என்று கேலியும் கோபமுமாக வாதித்தார். 1936இல் பிரான்ஸிலே மக்கள் முன்னணி அரசு பதவிக்கு வந்தபோது வேலைநிறுத்தங்கள் நாட்டையே நிறுத்தின. அவ்வாண்டு யூன் மாதத்திலே சம்பளத்தோடு கூடிய இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று. குறைந்த கட்டணத்தில் ரயிலேறிக் கடற்கரைக்குப் போன தொழிலாளர் பலர் முதன்முறையாகக் கடலைக் கண்டனர். அதுவரை செல்வருடையதாயிருந்த கரையில் அவர்கள் நின்றதைக் கண்டு முகஞ்சுளித்தவர்களும் இருந்தனர். அதே ஆண்டில் சர்வதேசத் தொழில் தாபனம் சம்பள விடுமுறைக்கான உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஆனால் அதில் விவசாயத் தொழிலாளர் சேர்க்கப்படவில்லை. தோட்டத் தொழிலாளருக்கென்று தனி உடன்படிக்கை வர 1958 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. ஆலைத் தொழிலாளியின் களைப்பைக் கண்ட உலகம் தோட்டத் தொழிலாளியின் களைப்பைக் காண இருபத்திரண்டு ஆண்டுகள் பிந்தியது.

இன்னொரு ஆண்டையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். 1948 டிசம்பர் 10ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் இருபத்துநான்காம் உறுப்புரை ஓய்வையும் சம்பள விடுமுறையையும் மனிதர் அனைவருக்கும் உரிய உரிமை என்று கூறுகிறது. அதற்கு நான்கு வாரத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்னர், அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள், இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகத்தில் வாழ்ந்த எமது முன்னோருள் மிகப் பெரும்பான்மையோர் அதனால் நாடற்றவர் ஆயினர். உலகம் மனிதனுக்கு விடுமுறை உண்டு என்று எழுதிய காலத்தில், இங்கே அவனுக்கு நாடே இல்லை என்று எழுதப்பட்டது. நாடில்லாதவன் விடுமுறையை எவரிடம் கேட்பான்?

ஆகவே ஓய்வு சலுகையன்று, உரிமை. எமக்குக் கிட்டியிருக்கும் உரிமையைக் கைவிடுவதால் பிறர் உரிமை கூடாது. எம் மூத்தவரும் இதை ஏற்றார். எனினும் திட்டத்தின் அடுத்த பகுதி இதனினும் கடினமாயிருந்தது. நாம் ஓய்வை மட்டும் கேட்கவில்லை, அமைதியையும் கேட்டோம். இரண்டும் ஒன்றென்றே அதுவரை எண்ணியிருந்தோம்.

மன்னார்த் தீவில் ஆசிரியராயுள்ள பழைய பல்கலைக்கழக நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதி, அமைதியான சிறு கிராமம் ஒன்றில் வீடு பார்த்துத் தருமாறு கேட்டிருந்தோம். அவரது பதில் இரண்டு பக்கம். வாடகை, குடிதண்ணீர், பேருந்து நேரம் ஆகியவற்றை எழுதிவிட்டு, எம் சொல்லொன்றைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தார். அதன் சாரம் இது: இங்கே அமைதி இல்லை. நள்ளிரவு கழிந்ததும் படகு தள்ளும் கூச்சல் தொடங்கும், எந்திரங்கள் இரையும், விடிந்தால் மீன் ஏலம் கூறுவர், பகல் முழுவதும் வலை பொத்துவோர் வானொலியை உரக்க வைத்திருப்பர். கரை அமைதியாயிருக்கும் நாள் என்றால் அது படகு கடலுக்குப் போகாத நாள். காற்று மாறிய நாள். எண்ணெய் விலை ஏறிய நாள். எதிர்க்கரையின் இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போனதன் மறுநாள். அன்று அடுப்பெரியாத வீடுகள் உண்டு. நீங்கள் அமைதியைத் தேடுவதானால் அப்படியொரு நாளைத்தான் தேடுகிறீர்கள். ஓய்வைத் தேடுவதானால் வாருங்கள்.

இக்கடிதத்தை ஐவரும் வாசித்தோம். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. ஏனெனில் அவர் கடற்கரையைப் பற்றிச் சொன்னது மலையைப் பற்றியும் உண்மையாயிருந்தது. எமது மலைகள் அமைதியாயிருந்த நாட்கள் எவை? பெரட்டு அடிக்காத நாட்கள். தொழிற்சாலையின் எந்திரம் நின்ற நாட்கள். வேலைநிறுத்தத்தில் அரிசி தீர்ந்த நாட்கள். 1983 யூலையில் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையின் வாயைப் பொத்தியிருந்ததாக எம் பெற்றோர் சொல்லும் இரவுகள். அமைதி என்ற சொல்லை நாம் விளம்பரப் பலகையிலிருந்து கற்றிருக்கிறோம். எம் வாழ்விலிருந்து கற்கவில்லை.

விளம்பரப் பலகையின் அமைதி எவ்வாறு உண்டாக்கப்படுகிறது என்பதற்கு நுவரெலியாவினும் சிறந்த பாடம் வேண்டியதில்லை. 1819இல் ஜோன் டேவி என்ற ஆங்கிலேய மருத்துவர் இவ்வுயர்ந்த சமவெளிக்கு வந்தார். பின் தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் இங்கே மாளிகை கட்டினார். கொழும்பின் வெப்பம் தாங்காத உத்தியோகத்தரும் துரைமாரும் குளிர் தேடி ஏறினர். தேசாதிபதி கிறகரியின் காலத்தில் ஏரி அமைந்தது. 1876இல் மலைக் கழகம் தோன்றியது. 1885இல் நானுஓயா வரை ரயில் வந்தது. அதுவரை மூட்டையும் முடிச்சும் மனிதரின் தோளிலும் மாட்டு வண்டியிலும் ஏறின. ஆங்கிலக் கிராமமொன்றின் மௌனத்தை மலையுச்சியில் நாட்டுவதற்கு எத்தனை கைகள் புல் வெட்டின, விறகு பிளந்தன, வெந்நீர் சுமந்தன! அக்கைகளுக்குரியவர் பேசாதிருக்கவேண்டும், பின்வாசலால் வரவேண்டும், துரை வரும்போது பாதையைவிட்டு ஒதுங்கி நிற்கவேண்டும். துரையின் அமைதி என்பது வேலைக்காரரின் வாய்மூடலுக்கு இடப்பட்ட மறுபெயர்.

துரைமார் போயினர், பழக்கம் போகவில்லை. இன்றும் ஹற்றன், தலவாக்கலை வீதிகளில் வாகனத்தை நிறுத்தி, கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் பிடிப்போரைக் காணலாம். கூடையை நேராக மாட்டிக்கொண்டு சிரிக்கச் சொல்வர். அப்பெண்ணின் காலில் அட்டை கடித்த இரத்தம் படத்தில் விழாது. அவர்கள் தீயவர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களும் எங்கோ களைக்க உழைத்து, சில நாள் விடுமுறைக்கு வந்தவர்களே. ஆயினும் எம் தாய்மாரின் வேலைநாள் அவர்களுக்கு இயற்கைக் காட்சியின் ஒரு பகுதி. காட்சியாக நிற்பதன் கூச்சத்தை நாம் பிறப்பிலிருந்தே அறிவோம். அவ்வாறிருக்க, மன்னாருக்குப் போய் மீன் உணக்கும் பெண்ணை நாம் எவ்வாறு பார்க்கப்போகிறோம்? காட்சியாயிருந்தவர் பார்வையாளராக மாறுவதுதான் முன்னேற்றமா?

நெய்தற் பாடல்களைக் கற்பிப்போர் இவ்விடத்திலே புலவரிடம் ஒன்று கற்கலாம். அவர்களுடைய கடற்கரையில் தலைவனும் தலைவியும் மட்டும் இல்லை. வலை உலர்கிறது, மீன் காய்கிறது, காயும் மீனைப் பறவை கவராதவாறு பெண்கள் காவல் இருக்கின்றனர், உப்புவண்டி மணலில் இழுபடுகிறது. காதலின் இரக்கத்தைச் சொல்ல வந்தவர்கள் பிழைப்பின் ஓசையை நீக்கிவிட்டு வெறும் அலையோசையை மட்டும் வைக்கவில்லை. வேலையற்ற கரையை அழகென்று காட்டியது பிற்கால விளம்பரக் கலையே.

எம்முள் ஒருவர் பாசிக்குடாவுக்குப் போகலாம் என்று முன்னர் சொல்லியிருந்தார். அழகிய கரை, மறுப்பதற்கில்லை. ஆனால் போருக்குப் பின் அங்கே பெரிய விடுதிகள் வரிசையாக எழுந்தபோது மீனவர் படகு நிறுத்தும் இடம் சுருங்கிவிட்டது. விருந்தினரின் அமைதிக்காகக் கரைக்குரியவர் ஒதுங்கவேண்டியதாயிற்று. மன்னார்க் கரையும் குற்றமற்ற மௌனம் உடையதன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவின் முஸ்லிம் குடும்பங்களும் வெறுங்கையோடு கடலேறின. 2007இல் முள்ளிக்குளத்து மக்கள் தம் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, அங்கே கடற்படை முகாம் அமைந்தது. ஆளரவமற்ற வீட்டையும் மரநிழலையும் கண்டு 'எவ்வளவு அமைதி' என்று சொல்லுமுன், இங்கே பேசிக்கொண்டிருந்தவர்கள் எங்கே என்று கேட்கும் கடமை பயணிக்கு உண்டு. தமிழரால் வந்த மௌனமாயினும் அரசால் வந்த மௌனமாயினும் அக்கேள்வி மாறாது.

இவ்வளவும் பேசியபின் மன்னாரையே தெரிவு செய்தோம். அதற்கு எமக்கென்று தனியானதோர் காரணமும் உண்டு. கோப்பித் தோட்டங்களின் காலத்திலே தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி வந்த எம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் தம்புள்ளையைக் கடந்து மாத்தளை வரை நடந்தனர். இருநூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலே விழுந்தவர் தொகை எவராலும் சரியாக எண்ணப்படவில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கியபின் மண்டபம் முகாமில் மருந்தடித்து, எண்ணி, ஏற்றி அனுப்பினர். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு என்று இரு அரசுகளும் பங்கு பிரித்தன. பின்பு அதே தலைமன்னார்த் துறையிலிருந்து, 1980களில் போர் மூண்டு கப்பல் நிற்கும்வரை, எம்மவர் கூட்டங்கூட்டமாகத் திருப்பி அனுப்பப்பட்டனர். எம் குடும்பங்களில் கடலைக் கண்டவர் இருவகையினர்: கொண்டுவரப்பட்டவர், கொண்டுபோகப்பட்டவர். உலாவப் போனவர் எவருமிலர். நெய்தலுக்கு இரங்கல் உரிப்பொருள் என்பது எமக்கு இலக்கணம் மட்டுமன்று.

ஹற்றனிலிருந்து கண்டி, மாத்தளை, தம்புள்ளை, அநுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னாருக்கு வாகனத்தில் இறங்குவோமாயின் அவர்கள் நடந்தேறிய திக்குக்கு எதிர்த்திசையில் ஒரே நாளிற் போய்ச் சேரலாம். 2023இல், அவ்வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவாக, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை கால்நடையாக நடந்தனர். வழியிலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் அவர்களை வரவேற்றனர். அந்நடை நினைவுகூர்தல், எமது பயணம் ஓய்வு. இரண்டும் வேறென்று தோன்றலாம். ஆனால் கூலியாக இறங்கிய கரையிலே அவர்கள் வழிவந்தோர் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் சும்மா உட்கார்ந்திருப்பதும் வரலாற்றின் ஒரு திருத்தமே என்று எமக்குத் தோன்றுகிறது.

இனி மிகச் சிறியதாகத் தோன்றிய, ஆனால் எம்மை அதிகம் வெட்கப்படவைத்த ஒரு விடயம். செலவைக் குறைக்க, வாடகை வீட்டில் 'நாமே சமைத்துக்கொள்ளலாம்' என்று ஆண்கள் மூவரும் உற்சாகமாகத் திட்டமிட்டிருந்தோம். ஆசிரியை ஒருவர் அமைதியாகக் கேட்டார்: "அந்த 'நாமே' யாரு சேர்?" மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பாடசாலை முடிந்ததும் எமக்கு மாலை தொடங்குகிறது. அவர்களுக்கு இரண்டாவது வேலை தொடங்குகிறது. கடற்கரைக்குப் போயும் அடுப்பு அவர்களைத் தொடருமாயின், அவர்களுக்கு அது இடமாற்றமேயன்றி ஓய்வன்று. துரையின் அமைதியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசிய நாம் எமக்குள்ளே ஒரு சிறு துரைத்தனத்தை மடித்து வைத்திருந்தோம். பிறர் வீட்டு அநீதியைக் காட்டும் விளக்குத் தன் வீட்டு அடுப்படியையும் காட்டவேண்டும்.

ஆகவே திட்டம் மாறியது. காலையும் இரவும் ஆண்களும் பெண்களும் முறைவைத்துச் சமைப்பது. பகலுணவை அக்கிராமத்துக் குடும்பம் ஒன்றிடம் அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்குவது. ஏலத்தில் மீனுக்குப் பேரம் பேசாதிருப்பது. கேளாமல் எவரையும் படம் பிடிப்பதில்லை. நண்பரின் மாணவருக்கு ஒரு மாலை மலையைப் பற்றிச் சொல்லப்போகிறோம். அக்கரையிலே தேநீர் குடிக்காதவர் இலர். ஆயினும் கொழுந்து எப்படித் தூளாகிறது என்பதை அறிந்தவர் அரியர். எம்மவர் கருவாட்டை அறிந்து மீன்பிடியை அறியாதது போலவே இதுவும். ஒருவர் உழைப்பை மற்றவர் உண்டுகொண்டே ஒருவரை ஒருவர் அறியாதிருக்கும் இந்நிலைதான் இருவரையும் எளிதில் ஏமாற்ற உதவுகிறது.

இவையெல்லாம் ஏழு நாளுக்கான சிறு ஒழுங்குகள். இவற்றால் உலகம் மாறிவிடும் என்று நாம் கருதவில்லை. இவ்வாறு ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தால் ஓய்வு எங்கே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. எமது விடை இது: நாம் நிறுத்துப் பார்ப்பது போவதற்கு முன்பு, போனபின் மணலிற் படுத்து உறங்குவோம். கடனைத் தீர்த்தவன் உறக்கம் வேறு. கடன்காரன் கதவைத் தட்டுவானோ என்று அஞ்சிப் போர்வையை இழுத்து மூடியவன் உறக்கம் வேறு. ஆனால் கடன் முழுவதும் தீர்ந்துவிட்டதாகப் பாவனை செய்யவும் கூடாது என்பதற்குப் பின்வரும் நிகழ்ச்சியே சான்று.

வாகனத்தில் இடம் மிகுந்திருந்தது. கேள்வி கேட்ட மாணவியையும் அவளது தோழியர் இருவரையும் பெற்றோர் சம்மதத்தோடு அழைத்துப்போவதென்று முடிவு செய்தோம். மாணவியின் தாயையும் வருமாறு அழைக்க ஆசிரியைகளோடு லயத்துக்குப் போனோம். சாயத் தேத்தண்ணி தந்தார். மகளை அனுப்பச் சம்மதித்தார். தாம் வருவதைப் பற்றிக் கேட்டபோது சிரித்தார். "சித்திரையில கொழுந்து கூடுன நேரம் சேர். கிலோ கூடப் பறிச்சாத்தான் கையில நாலு காசு நிக்கும். ஏழு நாள் பேர் போச்சின்னா கடைக்காரருக்கு என்னா சொல்றது?" என்றார். சிறிது நேரம் கழித்து, எமக்கு மனவருத்தம் உண்டாகக் கூடாது என்று எண்ணியவர்போல, "நல்ல நெத்திலிக் கருவாடு கெடைச்சா ஒரு கிலோ வாங்கியாங்க, காசு தாறேன்" என்றார்.

அப்பெண்ணின் விரல்கள் நாட்களை எண்ணி மடங்கியதை நாம் கண்டோம். எமது ஏழு நாளுக்கு விலை சீட்டுப் பணம். அவரது ஏழு நாளுக்கு விலை கடைக்கணக்கு. ஒரே நாட்காட்டியின் ஒரே வாரம் எமக்கு விடுமுறையாகவும் அவருக்கு இழப்பாகவும் இருக்கிறது. இதை எமது நல்லெண்ணமோ வாகனத்தின் காலி ஆசனமோ சரிசெய்துவிடாது. களைத்தவருக்குக் களைப்பின் அளவில் ஓய்வு, அதுவும் ஊதியம் குறையாத ஓய்வு, என்பது தொழிற்சங்க மேடைகளில் நாட்சம்பளக் கோரிக்கையோடு சேர்த்து எழுப்பப்படவேண்டிய கோரிக்கை. சம்பள உயர்வைக் கேட்கும் குரல் உரத்திருக்கிறது. விடுமுறையைக் கேட்கும் குரல் இன்னும் கூச்சத்தோடு இருக்கிறது. ஓய்வைச் சுவைத்த ஆசிரியருக்கு அக்கூச்சத்தைப் போக்கும் பொறுப்பு உண்டு. தாம் உண்டதன் சுவையைப் பிறருக்கு மறைப்பவர் அன்றோ உண்மையிலே குற்றவாளி?

சித்திரை வருகிறது. வீட்டுக்கு முன்பணம் அனுப்பிவிட்டோம். கடல் இரவிலும் சத்தம் போடுமா என்பதற்கு மாணவி தன் காதாலே விடை கண்டு வருவாள். மறுதவணையில் நெய்தலை வகுப்புக்கு அவளே விளக்கட்டும். அவளது தாய்க்கு ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கவேண்டும். காசு தருவதாகச் சொன்னார், வாங்கிக்கொள்வோம். அவர் கேட்டது இனாம் அன்று. அவருக்கு நாம் படவேண்டிய கடன் வேறு; அது சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பேசித் தொடங்கவேண்டியது.